மியாமியிடம் வாங்கிய முப்பத்தெட்டு

மதார் மைதீனின் வலது கை சுளகில் கிடந்த புளியங்கொட்டைகளைப் பொறுக்கிக்கொண்டிருந்தது. பெருவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து ஒரு கொட்டையைப் பிடிக்கும், பாதி வழியில் நழுவ விடும், மறுபடி பிடிக்கும். கிண்ணத்தில் போடச் சொல்லித்தான் கொடுத்திருந்தேன். அவர் கிண்ணத்தை ஓரமாகத் தள்ளிவிட்டு, சுளகின் நடுவில் கொட்டைகளை வரிசை கட்டிக்கொண்டிருந்தார். முன்னால் எட்டு, பின்னால் மூன்று. எதிர்வரிசையை நல்ல கையான இடது கையால் மளமளவென்று அடுக்கினார்.

நான் அந்த இடது கையை எடுத்து அவர் மடியில் வைத்தேன்.

"ரெண்டு பக்கத்தையும் சோர்ந்த கையே அடுக்கட்டும், பாய்."

முறைத்தார். ஆனாலும் அடுக்கினார். எனக்கு வேண்டியது அவ்வளவுதான்.

மதார் மைதீன் பாளையம்பட்டிக்காரர், வயது அறுபத்தாறு. பக்கவாதம் வந்து வலது பக்கம் சோர்ந்து, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்ததும் அவரைப் பார்த்துக்கொள்ள என்னைக் கூப்பிட்டார்கள். காலையில் போய் மாலையில் திரும்புவேன். குளிக்க வைப்பது, நடக்க வைப்பது, விரலுக்கும் நாக்குக்கும் பயிற்சி கொடுப்பது, ரத்த அழுத்தம் பார்ப்பது. இந்த வேலைக்கென்று பயிற்சி எடுத்து, அருப்புக்கோட்டைச் சுற்றுவட்டாரத்தில் எத்தனையோ வீடுகளைப் பார்த்துவிட்டேன். சாமி பாட்டுப் போட்டால் கை தூக்குகிறவர், பேரன் பெயரைச் சொன்னால் கால் எடுத்து வைக்கிறவர் எல்லாம் உண்டு. அமெரிக்கக் கால்பந்தாட்டத்துக்கு விரல் அசைந்தவர் இவர் ஒருவர்தான்.

அந்தப் பைத்தியம் எப்படிப் பிடித்தது என்பதை அவர் மனைவி சைதுன் பீவி சொல்லித்தான் தெரிந்துகொண்டேன்.

மதார் மைதீன் இளவயதில் கல்யாண வீடுகளுக்குப் பிரியாணி ஆக்கப் போனவர். பிறகு குவைத்துக்குப் போனார். அங்கே அமெரிக்க ராணுவ முகாம் ஒன்றின் சாப்பாட்டுக் கூடத்தில் வேலை. வறுத்த கோழி றெக்கைகளைத் தட்டில் நிரப்பி, வருகிறவர்களுக்கு எடுத்து வைக்க வேண்டும். வேலை நேரத்தில் உட்காரக் கூடாது. எதிர்ச்சுவரில் பெரிய டிவி. அவர் நின்ற இடத்திலிருந்து சிப்பாய்களின் தலைக்கு மேலே அது நன்றாகத் தெரியும். அவர்கள் ஊர் ஆட்டம் ஓடிக்கொண்டே இருக்கும். வருஷக்கணக்கில் நின்றபடியே பார்த்திருக்கிறார்.

அந்த ஆட்டத்தை நான் கபடியை வைத்துத்தான் புரிந்துகொண்டேன். ஒரு பக்கம் பதினோரு பேர் பந்தை எதிரியின் எல்லைக்குக் கொண்டு போகப் பார்ப்பார்கள். மறுபக்கம் பதினோரு பேர் மறித்து, கட்டிப் பிடித்து, கீழே தள்ளி நிறுத்துவார்கள். கபடியில் பாடிப் போகிறவனேதான் பிடிக்கவும் செய்வான். இதில் அப்படி இல்லை. ஒரே அணியில் கொண்டு போகிற ஆட்கள் வேறு, நிறுத்துகிற ஆட்கள் வேறு. நிறுத்துகிற கூட்டத்துக்கு டிஃபென்ஸு என்று பெயர். பாய்க்கு அந்தக் கூட்டத்தின் மேல்தான் ஆசை. பந்தோடு ஓடுகிறவனை அவர் ஒரு பொருட்டாகவே மதிப்பதில்லை.

அதே முகாமில் குளிர்சாதனக் கிடங்கில் பெட்டி ஏற்றி இறக்கியவர் காசிராஜன், பந்தல்குடிக்காரர். இருவருக்கும் ஒரே அறை. அவருக்கும் அதே பைத்தியம்தான், ஆனால் வேறு கட்சி. இதுவரை ஆடிய டிஃபென்ஸுகளிலேயே பெரியது எது என்பதில் இருவருக்கும் ஒத்துப்போகவே இல்லை. எண்பத்தைந்தாம் வருஷத்துச் சிகாகோ என்றார் பாய். இரண்டாயிரத்துப் பால்டிமோர் என்றார் காசிராஜன். இரண்டையுமே அவர்கள் நேரில் பார்த்ததில்லை. அவை ஆடியபோது இருவரும் முகாமுக்கே வரவில்லை. சிப்பாய்கள் போட்டுப் பார்த்த பழைய பதிவுகள்தான் ஆதாரம்.

ஊர் திரும்பியும் விடவில்லை. காசிராஜன் பந்தல்குடியில் தூத்துக்குடி ரோட்டின் மேலேயே லாரிகளுக்குத் தார்ப்பாயும் கயிறும் விற்கும் கடை போட்டார். பாய் பாளையம்பட்டியில் புரோட்டாக் கடை நடத்தினார். ஞாயிற்றுக்கிழமை தோறும் போனில் சண்டை. பாய்க்கு வெண்கலக் குரல், தெருமுனை வரை கேட்கும். பக்கத்து வீட்டு முத்துப்பேச்சி ஒருநாள் சைதுன் பீவியிடம், "ஏத்தா, சிகாகோவுல ஒங்களுக்குச் சம்பந்தக்காரக யாரும் இருக்காகளா? பாய் அவுகளுக்காக இம்புட்டுப் பரிஞ்சு பேசுறாக?" என்று கேட்டிருக்கிறாள்.

பக்கவாதம் அந்தக் குரலைத்தான் முதலில் பிடித்தது. வார்த்தை உள்ளே இருக்கிறது, அறிவில் குறை இல்லை. நாக்கும் உதடும் சொன்னபடி கேட்பதில்லை. பேச்சு குழைந்து, மெதுவாக, வாயோரம் எச்சில் வழிய வரும். பாய் அதைத் தன் காதாலேயே கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டார். எங்கள் இரண்டு பேரிடம் மட்டும் 'தண்ணி', 'போதும்', 'கால்' என்று ஒற்றை வார்த்தை. காசிராஜன் போன் அடித்தால் போனைக் கவிழ்த்து வைப்பார். தெருவுக்குப் போய் நடக்கலாம் என்றால் தலையை ஆட்டி மறுப்பார்.

பேச்சு திரும்ப வேண்டுமானால் பேசியே ஆக வேண்டும், அதற்கு மாத்திரை கிடையாது. முதல் சில மாதங்களில் விட்டதைப் பிறகு பிடிப்பது கஷ்டம். அதை நான் அவரிடமே ஒளிக்காமல் சொன்னேன். ஆஸ்பத்திரியில் கொடுத்த படத்தைக் காட்டி 'அம்மா, ஆடு' சொல்லச் சொன்னால், பேரக் குழந்தையைப் பார்ப்பது போல என்னைப் பார்த்தார். சரி, உதடு சேர்கிற வார்த்தையாக அவருக்குப் பிடித்த ஆட்டத்திலிருந்தே கொடுப்போம் என்று, "பால்டிமோர் சொல்லுங்க" என்றேன். முகத்தைத் திருப்பிக்கொண்டார். எதிரியின் பெயரைச் சொல்ல மாட்டாராம்.

இப்படி இருக்கும்போது, போனை எடுக்காததால் காசிராஜன் ஒருநாள் நேரிலேயே வந்துவிட்டார். வெள்ளை வேட்டி, கையில் ஆப்பிள் பை, சத்துமாவு டப்பா. சைதுன் பீவி அவரை வாசலிலேயே நிறுத்தினாள்.

"அண்ணே, ஒங்களக் கையெடுத்துக் கும்புடுறேன். அவுக என்ன சொன்னாலும் சரின்னுட்டுப் போயிருங்க. எதுத்துப் பேசிராதீக. பிரஷர் ஏறிச்சுன்னா அவ்வளவுதான்."

"நான் போயி எதுத்துப் பேசுவேனா தங்கச்சி, இந்த நெலமையில?"

எங்கள் பக்கத்தில் இதுதான் வழக்கம். படுத்திருக்கிறவரைப் பார்க்கப் போனால் பழம் வாங்கிப் போக வேண்டும், முகம் நன்றாகத் தெளிந்திருக்கிறது என்று சொல்ல வேண்டும், எதற்கும் மறுபேச்சுப் பேசக் கூடாது. யாரும் கெட்ட எண்ணத்தில் செய்வதில்லை. எனக்கும் அன்று அதில் தப்பு எதுவும் தெரியவில்லை.

காசிராஜன் கட்டிலோரம் உட்கார்ந்து பாயின் கையைப் பிடித்துக்கொண்டார். சுளகில் சிகாகோ டிஃபென்ஸு நிற்கிற எட்டுக்கு மூன்று அணிவகுப்பு அப்படியே இருந்தது. அதைப் பார்த்ததும் அவர் கண் கலங்கியது.

"மதாரு, நான் யோசிச்சுப் பாத்தேன். நீ சொன்னதுதான் சரி. சிகாகோதான் பெருசு. பால்டிமோரெல்லாம் சும்மா. நான்தான் இத்தன வருசமா வீம்புக்குப் பேசிட்டேன்."

ஜெயித்தவர் முகம் மலரும் என்று நாங்கள் மூன்று பேரும் எதிர்பார்த்தோம். பாய் கையை மெல்ல உருவிக்கொண்டு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார்.

அதற்குப் பிறகு வந்த நாட்கள் மோசமானவை. சுளகைக் கொண்டுபோனால் தட்டிவிட்டார். எழுந்து நிற்க மறுத்தார். கஞ்சியை இரண்டு வாய்க்கு மேல் வாங்கவில்லை. ஒற்றை வார்த்தைகளும் நின்றுபோயின. சைதுன் பீவி நேர்ச்சை நேர்ந்துகொண்டாள். நான் காய்ச்சல் இருக்கிறதா, வயிறு சரியாகப் போகிறதா, மறுபடி பக்கவாதம் வந்ததற்கான அறிகுறி உண்டா என்று வரிசையாகப் பார்த்தேன். டாக்டரிடமும் காட்டினோம். உடம்பில் புதுக் கோளாறு எதுவும் இல்லை.

அன்று மத்தியானம் அவர் எதிரில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்தேன்.

"பாய், உடம்புல ஒண்ணும் இல்லைன்னு டாக்டரு சொல்லிட்டாக. என்னான்னு சொல்லுங்க. நான் அவசரப்படுத்த மாட்டேன்."

உதடு அசைந்தது. மூன்று முறை முயன்று வெளியே வந்தது.

"காசி… என்னைய… முடிச்சுட்டான்."

"முடிச்சுட்டாரா? உங்க கட்சிக்குல்ல வந்துட்டாரு?"

"மய்யித்துகிட்ட… யாரும்… சண்ட போட மாட்டாக."

மய்யித் என்றால் அவர்கள் வழக்கில் பிரேதம். எனக்கு விளங்கிவிட்டது. இத்தனை வருஷம் ஒரு இம்மி விட்டுக்கொடுக்காத ஆள் ஒரே நிமிஷத்தில் எல்லாவற்றையும் விட்டுக்கொடுத்தால், கேட்கிறவருக்கு என்ன அர்த்தம்? இனி நீ கணக்கில் இல்லை என்பதுதான்.

சமையலறைக்குப் போய்ச் சைதுன் பீவியிடம் சொன்னேன்.

"காசிராஜன வரச் சொல்லப் போறேன். வந்து சண்ட போடட்டும்."

"ஏக்கா, ஒங்களுக்குக் கிறுக்கா? பிரஷரு?"

"நான் டாக்டர்ட்ட கேட்டுட்டேன். மாத்திரைய ஒழுங்கா போட்டா, பேசலாம், சத்தம் போடலாம். நான் பக்கத்துலயே மிஷினோட உக்காந்திருப்பேன். ஏறுச்சுன்னா நானே நிறுத்துறேன். இப்பிடிச் சாப்புடாமக் கெடந்தா மட்டும் நல்லதா?"

அவள் கரண்டியைப் போட்டுவிட்டு அழுதாள். அழுது முடித்ததும், "வரச் சொல்லுங்க" என்றாள்.

காசிராஜனுக்குப் போன் போட்டு நடந்ததைச் சொன்னேன். மறுமுனையில் லாரி ஹாரன் சத்தத்துக்கு நடுவே, "நான் நல்லதுன்னு நெனச்சுல்ல சொன்னேன்" என்றார்.

"இப்ப வாங்க. பழம் வேண்டாம். பரிதாபமாப் பாக்க வேண்டாம். இன்னொண்ணு, அவரு பேசும்போது வார்த்தைக்குத் தடுமாறுவாரு. நீங்க எடுத்துக் குடுக்கக் கூடாது. எவ்வளவு நேரமானாலும் காத்திருக்கணும். முடியுமா?"

"காத்திருக்கிறதா? அவன் முன்னாடி பேசும்போதே நான் காத்திருந்தது கெடையாதே!"

ஆனாலும் அன்று சாயங்காலமே வந்தார். செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே வாசலில் நின்று குரல் கொடுத்தார்.

"ஏலே மதாரு! போன தடவ ஒன் மேல பாவப்பட்டு ஒரு பொய் சொல்லிட்டேன். அதத் திருப்பி வாங்கிட்டுப் போக வந்திருக்கேன்!"

சுவர்ப்பக்கம் திரும்பியிருந்த முதுகு அசையவில்லை. காசிராஜன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"சிகாகோவாம் பெரிய சிகாகோ. மியாமிக்காரன்கிட்ட முப்பத்தெட்டு வாங்குனவுக. மறந்துட்டியோ? முப்பத்தெட்டு! அது டிஃபென்ஸா, இல்ல தெறந்து போட்ட வீடா?"

முதுகு அசைந்தது. நான் எழுந்து, அவர் திரும்புவதற்குத் தோளில் கை கொடுத்தேன். நிமிர்ந்து உட்கார்ந்தார். வாய் கோணியது.

"ஒ… ஒண்ணு."

"என்னலே ஒண்ணு?"

"ஒரு ஆட்டம்… தான… தோத்தாக. ஒங்காளு… நாலு."

"நாலு தோத்தா என்ன? பால்டிமோரு பதினாறு ஆட்டத்துல குடுத்தது நூத்தி அறுவத்தஞ்சு! அதுக்கு முன்னாடி பதினாறு ஆட்டத்துல அம்புட்டுக் கம்மியா எவன் குடுத்தான்? அதுவும் எந்த நெலமையில? அவுக அணியிலயே பந்தக் கொண்டு போறவுக அஞ்சு ஆட்டம் ஒருக்காக்கூட எல்லையத் தொடல. சம்பாதிக்கப் போனவன் அஞ்சு வாரம் வெறுங்கையோட வாரான், அப்பவும் வீட்டுல ஒல கொதிச்சுச்சு. அந்த அஞ்சுல ரெண்டு ஆட்டம் ஜெயிச்சாக. கொதிக்க வச்சது யாரு?"

"மூணு… தோத்தாகள்ல?"

சமையலறை வாசலில் நின்ற சைதுன் பீவி வாயைப் பொத்திக்கொண்டாள். சிரிக்கிறாளா அழுகிறாளா என்று எனக்குத் தெரியவில்லை. நான் பார்த்தது பாயின் கழுத்து நரம்பை. அது புடைக்கவில்லை.

"நாலு… தோத்தவன்," என்றார் பாய். நிறுத்தி எச்சிலை விழுங்கினார். "ஒண்ணு… தோத்தவனப் பாத்து… சிரிக்கான்."

"சிரிக்கத்தான் செய்வான். முப்பத்தெட்டுல்ல!"

"கட…சி… ஆட்டங்க." இங்கே பெரிய தடுமாற்றம் வந்தது. பாய் சொல்ல வந்தது எனக்கே தெரியும். கோப்பைக்குப் போகும் கடைசிக் கட்டத்தில் சிகாகோ இரண்டு ஆட்டங்களில் ஒரு புள்ளிகூடக் கொடுக்கவில்லை. இறுதி ஆட்டத்தில் நாற்பத்தாறுக்குப் பத்து. சுளகில் அதைக் கை ஜாடையாலேயே எனக்குப் பாடம் எடுத்திருக்கிறார். காசிராஜனுக்கு அது இன்னும் நன்றாகத் தெரியும். இரண்டு கையையும் தொடைகளுக்கு நடுவே வைத்து இறுக்கிக்கொண்டு, நாக்கைக் கடித்தபடி உட்கார்ந்திருந்தார். நெற்றி வேர்த்துவிட்டது. பாய் முட்டையும் முட்டையுமாக இரண்டு ஆட்டத்தையும் சொல்லி முடித்து, நாற்பத்தாறையும் சொல்லிவிட்டுத்தான் மூச்சு விட்டார்.

"முடிச்சுட்டியா?"

"இல்ல. றெக்கை."

"வந்துட்டாண்டா றெக்கைக்கு!"

றெக்கை என்பது பாயின் தனிக் கணக்கு. புள்ளிகள் சுலபமாக விழுகிற ஆட்டம் என்றால் சிப்பாய்கள் நடு நடுவே எழுந்து வந்து தட்டை நிரப்பிக்கொண்டு போவார்களாம். நிறுத்துகிறவர்கள் உயிரைக் கொடுத்து ஆடுகிற அன்று ஒருவரும் எழ மாட்டார்கள், அவர் அடுக்கி வைத்த கோழி றெக்கைகள் ஆறிப்போய்க் கிடக்கும். ஒரு விடுமுறை நாளில் சிகாகோக்காரச் சிப்பாய் ஒருவர் அந்தப் பழைய இறுதி ஆட்டத்தைப் போட்டுக் காட்டியிருக்கிறார்.

"முடிவு… தெரிஞ்ச ஆட்டம்ல," என்றார் பாய். "எல்லாருக்கும்… தெரியும். அதுக்கே… ஒருத்தன்… எந்திரிக்கல. தட்டு… நெறஞ்சு… அப்பிடியே… இருந்துச்சு."

ஆஸ்பத்திரியிலிருந்து வந்த பிறகு அவர் சேர்ந்தாற்போல் அவ்வளவு பேசியது அன்றுதான். காசிராஜன் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். கடைசி வார்த்தை விழுந்ததும் சொன்னார்:

"அன்னைக்கு நீ உப்ப அள்ளிப் போட்டிருப்ப. எவன் திம்பான்?"

பாய்க்குச் சிரிப்பு வந்துவிட்டது. கோணல் வாயோடு, தோள் குலுங்க, சத்தமாகச் சிரித்தார். வாயோரம் வழிந்ததை வலது கையைத் தூக்கித் துண்டால் தானே துடைத்துக்கொண்டார். துண்டு ஒருமுறை நழுவியது. யாரும் எடுத்துக் கொடுக்கவில்லை.

நான் பட்டையைக் கட்டி அழுத்தம் பார்த்தேன். வழக்கத்துக்குக் கொஞ்சம் மேலே, பயப்படும்படி இல்லை.

"அக்கா, நீங்க பொதுவான ஆளு. சொல்லுங்க," என்றார் காசிராஜன். "எது பெருசு?"

"ரெண்டு பேரும் தள்ளி உக்காருங்க. இவருக்குச் சாப்பாட்டு நேரம்."

பாய் அன்று கஞ்சியை முழுதும் குடித்தார். தாடையைத் தாழ்த்தி விழுங்கச் சொன்னேன், மறுபேச்சில்லாமல் செய்தார். வாய் காலியானதும் பால்டிமோர் எப்படிப்பட்ட சப்பை ஆட்களோடு ஆடி அந்த நூற்று அறுபத்தைந்தைச் சாதித்தது என்று ஆரம்பித்தார். எதிரியின் பெயர் தெளிவாகவே வந்தது. காசிராஜன் எழுந்து வேட்டியை மடித்துக் கட்டினார்.

"எனக்குக் கட இருக்கு. மிச்சத்த பந்தல்குடிக்கு வந்து பேசு. கட்டில்ல ஒக்காந்துக்கிட்டுப் பேசுறவனுக்கெல்லாம் நான் பதில் சொல்ல மாட்டேன்."

"ஏலே… நில்லுலே!"

நிற்கவில்லை. வாசல் தாண்டியதும் சுவரில் கையூன்றி நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டதை நான் பார்த்தேன். பாய்க்குத் தெரியாது, நானும் சொல்லவில்லை.

மறுநாள் காலை நான் போனபோது பாய் சட்டை போட்டுக் கட்டிலில் உட்கார்ந்திருந்தார். பொத்தான் ஒன்று மாறிப் போட்டிருந்தது. சைதுன் பீவி கையைப் பிசைந்துகொண்டு நின்றாள்.

"விடிஞ்சதுல இருந்து இதான்கா. பந்தல்குடி போகணுமாம்."

நான் பொத்தானைச் சரிசெய்துகொள்ளச் சொல்லிவிட்டு அழுத்தம் பார்த்தேன். மாத்திரை, தண்ணீர் பாட்டில், மாற்று வேட்டி, துண்டு எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டேன். ஊன்றுகோலோடு தெருவில் நடந்தோம். முத்துப்பேச்சி வாளியை வைத்துவிட்டு, "பாய், எங்க போறீக?" என்று கேட்டாள். பாய் ஊன்றுகோலை ஊன்றி நின்றார். "ஒரு… பஞ்சாயத்து," என்றார்.

டவுனுக்கு வந்து பந்தல்குடி பஸ்ஸில் ஏறினோம். நல்ல கூட்டம். யாரோ எழுந்து அவருக்கு இடம் கொடுத்தார்கள். கண்டக்டர் வந்தார். பெண்களுக்கு இலவசம் என்பதால் எனக்குச் சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு, அவரைப் பார்த்து, "எங்கய்யா?" என்றார்.

பாய் சொன்னார். இரைச்சலில் கண்டக்டருக்குப் பிடிபடவில்லை. குனிந்து என் முகத்தைப் பார்த்தார். நான் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பந்தல்குடி," என்றார் பாய் மறுபடியும். "ஒண்ணு."

கண்டக்டர் சீட்டைக் கிழித்தார்.

பந்தல்குடியில் இறங்கி, லாரிகள் போகக் காத்திருந்து, ரோட்டைக் கடந்தோம். காசிராஜன் கடையில் ஒரு லாரிக்காரர் தார்ப்பாயைப் பிரித்துப் போட்டுப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். அவர் வாங்கிக்கொண்டு போகும்வரை நாங்கள் நிழலில் நின்றோம். பிறகு பாய் உள்ளே போய்ப் பேச ஆரம்பித்தார்.